முனீர் பாயின் டிபன் கேரியர்

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மற்றவர்கள் கைவிட்ட எஃகெல்லாம் கடைசியில் முனீர் பாயிடம்தான் வரும். பக்கத்து ஷெட்டில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, 2006 கோடை முழுவதும் அவர் கைகளைப் பார்ப்பதிலேயே போயிற்று. தகடு வெட்டும் எஃகு அச்சான டையின் மூலை உடைந்து வந்தால், முதலில் அதை அடுப்பில் சூடாக்குவார். பிறகு வெல்டிங் கம்பியை உருக்கி, ஒரு வரிமேல் இன்னொரு வரியாக, இல்லாத மூலையை வளர்ப்பார். ஒவ்வொரு வரியையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொடுப்பார், தூங்கவைப்பது போல. அவசரமாக ஆறினால் விரிசல் விடும் எஃகு அது. அந்த ஷெட்டில் மின்விசிறிகூடச் சுற்றாது. வேலை முடிந்ததும் டையை உமிச் சாம்பல் நிரம்பிய இரும்புப் பெட்டியில் புதைத்துவிடுவார்.

எப்போது திறப்பது? மனைவி ஷரீஃபா கொடுத்தனுப்பும் டிபன் கேரியரைப் பெட்டி மூடிமேல் வைப்பார். பெட்டிச் சூட்டில் அது ஆறாமலே இருந்தால் திறக்கமாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சுந்தர்சிங் காலையிலேயே வந்துவிட்டார். தகடு அடிக்கும் சின்ன பிரஸ் பட்டறைக்காரர். அவர் பிழைப்பே பெட்டிக்குள் இருந்த அந்த ஒரு டை. வேறு இரண்டு பேர் வெல்டிங் செய்து, இரண்டு முறையும் விரிசல் விட்டுவிட்டது. இப்போதும் விரிசல் விட்டால் புது டை வர இரண்டு மாதம். ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

“பாய், நேத்து சாயங்காலம் புதைச்சது. இன்னுமா?”

“இன்னா சார், பிரியாணியா இது, தம் போட்டு அரை மணில தொறக்க? டிபன் ஆறட்டும்.”

பாய் ஜும்ஆ தொழப் போயிருந்தார். அவர் திரும்பும் நேரம் பார்த்து சுந்தர்சிங் டிபனைக் குழாயடியில் கொஞ்ச நேரம் பிடித்தார். துடைத்து, மறுபடி மூடிமேல் வைத்தார். “சொல்லிடாதப்பா” என்றார் என்னிடம். நான் சொல்லவில்லை.

பாய் வந்து தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. கை பெட்டியின் தாழ்ப்பாள்வரை போயிற்று. என்ன தோன்றியதோ, முதலில் டிபனைத் திறந்தார். ரசம் சாதத்திலிருந்து ஆவி எழுந்தது.

“வெளிய ஜில்லுனு கீது, உள்ள கொதிக்குது. யார் சார் இத்த குளிப்பாட்னது?”

சுந்தர்சிங் தலைகுனிந்தார். “பேஜார் தாங்கல பாய்.”

“டையும் இப்டித்தான் சார் ஏமாத்தும். மின்ன வெல்டிங் பண்ண ரெண்டு பேரும் மேல தொட்டுப் பாத்துதான் வெளிய எடுத்திருப்பானுங்க. உக்காருங்க, சாப்டலாம்.”

சாப்பிட்டபின், காலி அடுக்கில் வெந்நீர் ஊற்றிப் பெட்டி மூடிமேல் வைத்தார். தண்ணீர் ஆறும்போது சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது.

வெளியே எடுத்த டையின் மூலையில் சிவப்பு மருந்து பூசி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை அடித்தார். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.

சுந்தர்சிங் டையை வண்டியில் ஏற்றினார். கிளம்பாமல் திரும்பி வந்து, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அதே குழாயடிக்குப் போனார்.

“இந்தத் தடவ சோப்பு போட்டுக் கழுவிருக்கேன் பாய்” என்று நீட்டினார்.