பாதைக்காரர் கந்தவனத்தின் மரண அறிவித்தல்

என் மாமா ஒருமுறை, பிறக்கவே பிறக்காத ஒருவருக்கு மரண அறிவித்தல் அடித்து ஊரெல்லாம் ஒட்டுவித்தார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கிறுக்குத்தனமான விசர் வேலைகளையும் பெரிய மனிதத் தோரணையோடு செய்வார், அவ்வளவுதான். அம்மாவின் கடைசித் தம்பி என்பதால் எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கிடைத்துக்கொண்டிருந்தது.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அதன் முன்னறையை மாமா நெட் கடையாக்கியிருந்தார். நாலைந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், வெயில் ஏறினால் நின்றுவிடும் ஒரு மின்விசிறி. படிவம் நிரப்பவும் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு முகம் பார்த்துக் கதைக்கவும் ஆட்கள் வருவார்கள். ஆனால் கடை உண்மையில் ஓடியது ஒரு விளையாட்டால்தான். வாளும் மந்திரமும் அரக்கர்களும் உள்ள ஒரு கற்பனை நாடு. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் போர்வீரனாகவோ மருத்துவச்சியாகவோ வேடம் எடுத்துக்கொண்டு அதற்குள் போய் உலாவலாம். உப்புவெளியிலிருந்து சைக்கிளிலும் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸிலும் பெடியன்கள் வந்து அதற்குள் காணாமல் போவார்கள்.

அந்த நாட்டைப் பற்றிய அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வரும். எந்த ஆயுதம் மாற்றப்பட்டது, எந்த ஊர் புதிதாகத் திறக்கிறது, மற்ற நாட்டு விளையாட்டுக்காரர்கள் கூடி என்ன செய்தார்கள் என்றெல்லாம். மாமா அவற்றைத் தமிழாக்கி, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு தாளில் அடித்துக் கடைக் கதவில் ஒட்டுவார். அவர் கைக்கு வந்தால் எதுவும் வானொலிச் செய்தியாகிவிடும். ‘வடமலை அரக்கர்களின் பலம் குறைக்கப்பட்டுள்ளதாகத் தயாரிப்பாளர்கள் அறிவித்துள்ளனர். பொதுமக்கள் அச்சமின்றி அப்பகுதியால் பயணிக்கலாம்.’ துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பென்ஷன் கடதாசி கொப்பியெடுக்க வரும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசிப்பார். ஒருநாள் உண்மையான கவலையோடு கேட்டார்: “வடமலைப் பக்கம் இன்னும் அடங்கேல்லையோ?”

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. விளையாட விடமாட்டார்கள், அதனால் கேள்வி கேட்பதே என் விளையாட்டு. அரக்கர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள், மருத்துவச்சிக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று மாமாவைத் துளைப்பேன். அந்த நாட்டில் எனக்குப் பிடித்தவர் ஒரு படகோட்டி. ஆற்றங்கரையில் பெரிய தொப்பியோடு நிற்பார். புதிதாக வருபவர்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. அவருடைய ஆங்கிலப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையாததால் பெடியன்கள் அவரைக் கந்தவனம் என்று கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆறு கடக்கும் மிதவையைப் பாதை என்பார்கள். ஆகவே அவர் பாதைக்காரர் கந்தவனம்.

ஒரு சனிக்கிழமை மாமாவின் தாளில் அவரைப் பற்றிய செய்தி வந்தது. ஆற்றுக்கு மேலே மந்திரப் பாலம் ஒன்று கட்டப்பட்டுவிட்டதால் படகோட்டி நாளை முதல் நீக்கப்படுகிறார். அவரை வழியனுப்ப உலகெங்கும் உள்ளவர்கள் கரையில் கூடுகிறார்கள். எங்கள் நேரத்துக்கு அது ஞாயிறு பின்னேரம்.

“நீக்கினால் எங்க போவார்?” என்றேன்.

“எங்கயும் போறேல்லை. பாலம் வந்தால் பாதைக்காரருக்கு என்ன வேலை? இருக்கமாட்டார்.”

“செத்துப்போவாரோ?”

“இல்லை. சாகிறது வேற. இவர் இல்லாமல் போறார்.”

எனக்கு அது பிடிபடவில்லை. விடாமல் கேட்டேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். மாமா பொறுமை இழந்து தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘நீக்கப்பட்டவர்கள் சில வேளைகளில் திரும்பி வருவதும் உண்டு.’ “இப்ப சரியோ? போ, போய்ச் சோத்தைத் தின்னு” என்றார். அச்சில் வந்துவிட்டது, எனக்குத் திருப்தி.

பெடியன்களுக்குத்தான் திருப்தி வரவில்லை. மற்ற நாட்டுக்காரர்கள் படம் கீறுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள், நாங்கள் மட்டும் சும்மா இருப்பதா? கிண்ணியாப் பெடியன் ஒருவன்தான் யோசனை சொன்னான். எங்கள் ஊரில் ஓராள் போனால் என்ன செய்வோம்? நோட்டீஸ் அடிப்போம். மாமாவுக்குக் கண் மின்னியது. ஒரு மணித்தியாலத்தில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல் தயார். ‘ஆற்றங்கரையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பாதைக்காரர் முத்துத்தம்பி கந்தவனம் அவர்கள் எம்மைவிட்டுப் பிரிகின்றார். அன்னாரின் இறுதி நிகழ்வு ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு நடைபெறும். இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மருமக்கள்.’ கீழே எங்கள் வீட்டு விலாசம். மேலே படம். மை தீரும் நிலையில் இருந்த மெஷின் தொப்பியையும் தாடியையும் மட்டும் காட்டி முகத்தைக் கறுப்பாக்கிவிட்டது. யாருடைய மாமனாகவும் இருக்கக்கூடிய ஒரு மனிதர் அதில் இருந்தார்.

கோதுமை மாப் பசை காய்ச்சியது நான். ஒட்டியது பெடியன்கள். ஒழுங்கை முகப்பு, சந்தைச் சுவர், விளக்குக் கம்பங்கள் என்று ஒட்டி முடித்தும் மிஞ்சியதை, வெருகலுக்குப் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒருவன் ஒட்டிவிட்டு வந்தான். அதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஞாயிறு காலை அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி வெள்ளைச் சேலையும் தேத்தண்ணிப் போத்தலுமாக வந்து நின்றார். பின்னாலேயே கிளாக்கர் ஐயா. “கதிரை போதுமோ பிள்ளை? எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கள்?”

அம்மாவின் கையிலிருந்த தேங்காய்ப் பாதி உருண்டு போனது. தன்னிடம் மறைத்துவிட்டு எந்தச் சொந்தக்காரரை யார் எங்கே கிடத்தியிருக்கிறார்கள் என்று விளங்காமல் அவர் தடுமாறிக்கொண்டிருக்க, மாமா வாயில் பற்பசை நுரையோடு வெளியே வந்து நோட்டீஸ் அடித்ததை ஒப்புக்கொண்டார்.

“உனக்கு விசரே? இல்லாத மனுசனுக்கு நோட்டீஸ் அடிக்கிறதோ? இது என்ன விளையாட்டுச் சாமானோ?”

“அக்கா, அது கேம்ல வாற ஆள்…”

“கேமோ கீமோ, இப்பவே போய் எல்லாத்தையும் கிழிச்சுக்கொண்டு வா.”

கிளாக்கர் ஐயா கோபிக்கவில்லை. “எங்கட கந்தவனமோ? அந்த நாட்டு ஆளோ?” என்று கேட்டு, பெருமூச்சு விட்டு, பின்னேரம் வருவதாகச் சொல்லிப் போனார்.

கிழிக்கப் போன எங்களுக்கு வேலை அதிகம் இருக்கவில்லை. எங்கள் நகரத்துத் தெருக்களில் மாடுகளைப் போலத் திரியும் மான்களுக்குச் சுவரொட்டி என்றால் உயிர். அதிலும் மாப்பசை போட்டது என்றால் விருந்து. எட்டிய உயரத்தில் இருந்ததையெல்லாம் அவை விடியமுன் தின்று முடித்திருந்தன. மாமா தெய்வச் செயல் என்றார். பஸ்ஸைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

மூன்று மணி போல ஒரு பெண் ஒழுங்கையால் நடந்து வந்தார். அம்மாவைவிட மூத்தவர், மெலிந்தவர். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டும் இருந்தது. செத்தவீட்டுக்கு வெள்ளை உடுத்துவது தெரியும், ஆனால் அந்தப் பொட்டில் அம்மாவின் கண் நிலைத்ததை நான் பார்த்தேன். அவர் கையில் எங்கள் நோட்டீஸ், ஓரம் கிழிந்து, பின்னால் பசை காய்ந்து.

“தம்பி, இந்த வீடுதானோ? வெருகலில இருந்து வந்தனான். எங்க வச்சிருக்கிறீங்கள்?”

மாமா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“படத்தில முகம் விளங்கேல்லை. அதான் நேரில பாப்பமெண்டு… தகப்பன்ட பேர் பிழையாக் கிடக்கு. அது பரவாயில்லை. அந்தர அவசரத்தில அடிக்கேக்க பிழை வரும்தானே.”

அம்மா அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். அரக்கர்களின் நடமாட்டத்தையே மூச்சுவிடாமல் அறிவிக்கும் மாமா, அன்று இரண்டு வசனம் சேர்த்துச் சொல்ல முடியாமல் திக்கினார். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

“அப்ப, இங்க ஒருத்தரும் இல்லை” என்றார்.

“இல்லையக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

பிறகு அவர் அம்மாவின் பக்கம் திரும்பித் தன் கதையைச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் பெயரும் கந்தவனம்தான். வெருகல் ஆற்றில் பாதை ஓட்டியவர். பிரச்சினை நேரத்தில், சண்டை நடந்த காலத்தில், ஒருநாள் விடிய வேலைக்குப் போனார். பாதை கரையில் கட்டியபடி நின்றது; ஆள் இல்லை. போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. இப்போது அந்த ஆற்றுக்குப் பாலமும் வந்துவிட்டது.

“சொந்தக்காரர் எல்லாரும் சொல்லுகினம், கிரியை ஒண்டைச் செய்து முடிச்சு விடு எண்டு. எதைக் காட்டி முடிக்கிறது? இதைக் கண்டவுடன, கடவுளே எண்டு ஒரு… நிம்மதியும் வந்துது தங்கச்சி. அப்பிடி வரக்கூடாது. வந்துது.”

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். செத்தவீடு இல்லை என்று தெரிந்தால் யாருக்கும் சந்தோஷம்தானே வரவேண்டும் என்று நான் யோசித்தேன்.

“அந்த ஆளை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ தம்பி” என்றார் அவர்.

மாமா நடுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவருக்குக் கதிரை போட்டார். பெடியன்கள் அன்று சத்தம் போடவில்லை. கிளாக்கர் ஐயா சொன்னபடியே வந்து பின்னால் நின்றார். லைன் மெதுவாக இருந்ததால் ஆறு துண்டு துண்டாக வந்தது. முதலில் தண்ணீர், பிறகு கரை, பிறகு தொப்பி. கரை நிறைய வீரர்களும் மருத்துவச்சிகளும். ஒவ்வொருவராகப் படகோட்டியின் காலடியில் ஒரு விளக்கை வைத்துவிட்டு விலகினார்கள். கிட்டப் போகும் ஒவ்வொருவரிடமும் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னார்.

“என்ன சொல்றார்?”

“அக்கரைக்கு வாறியளோ எண்டு கேக்கிறார் அக்கா.”

அவர் தலையாட்டினார். “வேற என்னத்தைக் கேக்கிறது” என்றார் மெல்ல.

நான்கு மணிக்குப் படகோட்டி நின்ற இடம் வெறுமையானது. விழவில்லை, மறையவுமில்லை, இருந்தார், இல்லை. விளக்குகள் மட்டும் எரிந்தன. கிண்ணியாப் பெடியன் எழுந்து நின்றான். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். அந்தப் பெண்ணும் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“வடிவாச் செய்திருக்கினம்” என்றார். நோட்டீஸை நாலாக மடித்தார். “இதை நான் கொண்டு போகட்டோ?”

“அக்கா, அது பொய் நோட்டீஸ்.”

“தெரியும் தம்பி. பேர் சரியாத்தானே கிடக்கு. எங்கட கோயில் ஐயருக்கு இது போதும். இந்த மாசமே செய்து முடிச்சிடுவன்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா, கொடு என்பது போல் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண் அதைக் கைப்பைக்குள் வைத்து மூடியபோது, வந்த நேரத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றதாக எனக்குப் பட்டது.

பஸ் நிற்கும் சந்திவரை அவரைக் கூட்டிக்கொண்டு போய் விடும்படி அம்மா என்னை அனுப்பினார். உள்துறைமுகத்தில் மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல் ஒன்று நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எனக்கோ கேட்க ஒரு கேள்வி இருந்தது. சந்தியில் நின்றதும் கேட்டேவிட்டேன்.

“உங்கட கந்தவனத்தையும் நீக்கிப்போட்டாங்களோ?”

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். “ஓம் மகள்.”

“அப்ப கவலைப்படாதேங்கோ. நீக்கினவை சிலநேரம் திரும்பி வருவினம். மாமா செய்தியில போட்டவர். எங்கட கதவில ஒட்டிக் கிடக்கு.”

தூரத்தில் பஸ் திரும்பியது. அவர் கைப்பையைத் திறந்து நோட்டீஸை எடுத்து, மடிப்புகளை விரலால் நீவி, என் கையில் வைத்தார்.

“இதை நீ வச்சிரு மகள். எனக்கு இப்ப வேண்டாம்.”

பிறகு சேலைத் தலைப்பால் முகத்து வியர்வையைத் துடைத்தார், பொட்டில் படாமல், சுற்றிவரக் கவனமாக. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இருந்து எனக்குக் கையும் காட்டினார். ஒரு பெரிய மனுஷியின் துக்கத்தை நான் ஒரே வசனத்தில் தீர்த்துவிட்டேன். ஓட்டமாக வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க, நடந்ததை ஒரு சொல் விடாமல் மாமாவிடம் சொல்லி நோட்டீஸை நீட்டினேன்.

மாமா அதை வாங்கவில்லை. எழுந்து போய்க் கதவில் இருந்த செய்தித் தாளைக் கிழித்தார். அடுத்த சனிக்கிழமை புதிய தாள் ஒட்டவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் இல்லை. கிளாக்கர் ஐயா வந்து வெறுங்கதவைப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவு நல்ல செய்தியை, தனக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன் என்று மாமாவுக்குக் கோபம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.