வாந்தி மாத்திரை

தம்பி ஓட்டிய சின்ன விமானம் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகி மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டது. அவன் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவனுக்கு வெறும் சிராய்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து பிடித்து ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது.

விபத்தை விசாரிக்கும் அதிகாரி நான்கு நாள் கழித்துச் சின்னமனூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தார். விபத்துக்கு முந்தின நாள் தம்பி என் வீட்டில்தான் இருந்தான். நன்றாகத் தூங்கினானா, குடித்தானா, மயக்கம் ஏதும் உண்டா என்று அடுக்கினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வருஷா வருஷம் டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டிப் பாஸ் பண்றவன் சார் அவன்."

"மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?"

"மருந்தா? ஒரு தலைவலிகூட இல்ல."

தம்பியும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தேங்காய் துருவ உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. அந்த முந்தின நாள் மத்தியானம் ஜீப் பிடித்துக் குடும்பத்தோடு மேகமலை போயிருந்தோம். அந்த ரோட்டில் வளைவு தொடங்குமுன் ஆளுக்கொரு வாந்தி மாத்திரை கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கிளம்பும்போது திருநீறு பூசுகிற மாதிரிதான். யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிரைவருக்கும் நீட்டினேன். "ஓட்டுறவன் இதைப் போடக்கூடாதுக்கா, தூக்கத்துல அசத்திரும்" என்று கையை விலக்கினார். தம்பி சிரித்தான். "ஏக்கா, பிளேன் ஓட்டுறவனுக்கா வாந்தி வரும்?"

"பெரிய இவன்! வாயைத் தெறடா" என்று நான்தான் போட்டுவிட்டேன். மலை இறங்கும்போது அவன் ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூங்கினான். வேலைக் களைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். சாயங்காலம் பஸ் ஏறினான். மறுநாள் காலையில் விமானம் ஏறினான்.

மருந்துக் கடைக்கு ஓடி, அசதி மறுநாள்வரை நிற்குமா என்று கேட்டேன். "சிலருக்கு நிக்கும், சிலருக்கு நிக்காதுத்தா" என்றார் கடைக்காரர். இதைக் கேட்கவா போனேன்!

ஒன்றும் பிடிபடவில்லை. காற்று தள்ளியிருக்கலாம், சக்கரம் வழுக்கியிருக்கலாம். சொன்னால் தம்பியின் லைசென்ஸ் போனாலும் போகும். பறப்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. சொல்லாவிட்டால், ஓட்டத் தெரியாமல் பிடித்தாள் என்று பழி அந்தப் பெண் தலையில் விழும். காலும் உடைந்து பழியுமா? அவன் அன்றைக்கு மாத்திரையைத் துப்பியிருந்தால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கும் அது நினைப்பிலேயே இல்லை.

"துப்பிட்டேன்னு சொல்லுடா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நீ ஊட்டினதை நான் என்னைக்குக்கா துப்பிருக்கேன்?"

போனை வைத்துவிட்டு அதிகாரியின் நம்பரைத் தேடினேன்.