குலுக்காத பாட்டில்

பெங்களூரில் பிளேக் பிடித்து, ரயிலேறி இங்கேயும் வந்துவிடும் என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்த வருஷம். இங்கே தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். புண் கழுவிக் கட்டுப் போடுகிற வேலை. ஒரு காலையில் டாக்டர் ஒரு பாட்டிலை நீட்டினார். மேலே தெளிந்த தண்ணி, அடியில் மாவு மாதிரி படிவு.

"இது இன்னா தெரியுமா? பிளேக் கிருமி. சூடு காட்டிக் கொன்னு வெச்சிருக்கு. செத்ததுன்னு உடம்புக்குத் தெரியாது, சண்டைக்குக் கெளம்பிடும். அதுலதான் காய்ச்சல் வரும், கை வீங்கும், ரத்தத்துல எதிர்ப்பு ஊறும். சரக்கு அடியிலதான் நிக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் குலுக்கு."

1. சீட்டு

சுரங்க ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற ஊரிகம் லைன் வீடுகளுக்கு ஊசி போட என்னை அனுப்பினார்கள். ஊசி போட்டவன் ரெண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். அதைப் பார்த்து மற்றவன் கதவைச் சாத்தினான். போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்போம். பிளேக் வந்து லைனைக் காலி செய்தாலும், சீட்டு இருக்கிறவன் வீட்டிலேயே இருக்கலாம்.

என் தங்கச்சி புருஷன் முனுசாமி சுரங்கத்தில் டிரில் ஓட்டுகிறவன்.

"மச்சான், சீட்டு வேணும், காய்ச்சல் வேணாம். மூணு நாள் படுத்தா என் எடத்துல வேற ஆளை எறக்கிடுவானுங்க. உன் கையில எதுனா வழி இருந்தா பாரு."

வழி இருந்தது. பாட்டிலைக் குலுக்காமல் மேல் தெளிவை மட்டும் உறிஞ்சிப் போட்டேன். சொந்தக்காரனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் ஆஸ்பத்திரி உத்தியோகம் எதற்கு என்று நினைத்தேன், மடையன். மறுநாளே அவன் ஷிப்ட் போனான். லைன் முழுக்க என் கைராசியைப் பேசினான்.

2. கட்டி

ரெண்டு மாசத்தில் லைனில் எலி செத்து விழுந்தது. எல்லாரையும் ஊருக்கு வெளியே கூடாரத்துக்கு அனுப்பினார்கள். தங்கச்சியும் குழந்தையும் ஆம்பூரில் எங்கள் அம்மா வீட்டில் இருந்தார்கள். முனுசாமி சீட்டைக் காட்டி வீட்டிலேயே தங்கிவிட்டான்.

கிளம்புடா என்று நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பான், விஷயம் வெளியே வந்தால் என் வேலை போகும். இன்றைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் தொடை இடுக்கில் கட்டியோடு தூக்கி வந்தார்கள்.

"ஊசி போட்டேனே மச்சான்" என்றான். நான் தலையணையைச் சரிசெய்தேன். மூணாம் நாள் போய்விட்டான். சில உடம்புக்கு ஊசி பிடிக்காது என்று டாக்டர் புத்தகத்தில் எழுதினார். பாவி நான், பக்கத்தில் நின்று மை தொட்டுக் கொடுத்தேன்.

3. குழந்தை

காரியம் முடிந்ததும் தங்கச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வேற யார் கையையும் நம்ப மாட்டேண்ணா. நீயே போடு."

கை வலிக்கக் குலுக்கிப் போட்டேன். அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது, கை வீங்கிச் சிவந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் காய்ச்சல்தான் காவல். புதுசாக டிரஸ்ஸர் வேலைக்கு வருகிறவர்கள் அதற்குப் பயப்படாதீர்கள், யார் கெஞ்சினாலும் அதைக் குறைக்காதீர்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு எவ்ளோ பதமா போட்டே. ஒரு நாள்கூட படுக்கலியே அவரு. அப்பன் இல்லாத புள்ளைன்னுதானே இப்பிடிக் குத்தி வெச்சிருக்கே?"

குழந்தை நல்லபடியாக வளர்ந்து கல்யாணமும் ஆயிற்று. தங்கச்சி அந்த ஒரு ஊசிக்காக இன்னும் என்னோடு பேசுவதில்லை. முதல் ஊசியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.