தனக்கே மனு கொடுத்தவர்

அவரை எல்லோரும் மனுக்காரர் என்றுதான் சொல்வார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மனு இருந்ததால் வந்த பெயர். மனு இல்லாத நாளில் வெறும் தாளையாவது மடித்து வைத்துக்கொள்வார் என்று அவருடைய மனைவி சொல்வது மிகையல்ல. துவைக்கப் போட்ட சட்டைகளிலிருந்து அப்படிப்பட்ட தாள்கள் கூழாகி வெளிவந்திருக்கின்றன.

அவருடைய அரசியல் பிறந்த கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பாசன அலுவலகத்தின் கதவை உடைத்துக்கொண்டு போனார், பொறியாளரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து நியாயம் கேட்டார் என்பது கட்சித் துண்டறிக்கையில் உள்ளது. கதவு அன்று திறந்தே இருந்தது. அதன் தாழ்ப்பாள் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே துருப்பிடித்து விழுந்துவிட்டது. பொறியாளர் கை கழுவப் போயிருந்தார். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி போடுவதில்லை. வெகுநேரம் நின்றதில் மனுக்காரருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்தது இவ்வளவுதான்.

பொறியாளர் ஈரக் கையோடு திரும்பி வந்தார்.

"ஏங்க, அது என் சீட்டு."

"தெரியுதுங்க. கால் பிடிச்சுக்கிச்சு. ஒரு நிமிஷம்."

சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்குத் தெரிந்தது வேறு காட்சி. நம் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பொறியாளர் அவர் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார் என்பதே சரி. ஆனால் கூட்டம் ஆரவாரம் செய்யத் தொடங்கிய பிறகு துண்டைப் பற்றி யார் விசாரிப்பது? அன்று சாயங்காலம் அவர் விவசாயிகள் சங்கத்தின் தலைவரானார். கால் மறுநாள்தான் சரியாயிற்று.

நிலம் மனைவி பெயரில் இருந்தது. வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில், வாய்க்காலை ஒட்டி. உழுவதும் விதைப்பதும் களையெடுப்பதும் அந்த அம்மாளும், பக்கத்து வயல்காரரான அவருடைய தம்பியும். "சேற்றில் கால் வைக்கிறவன் நான்!" என்று மனுக்காரர் மேடையில் முழங்கும்போதெல்லாம் கூட்டத்தில் இருக்கும் பெண்கள் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"வைப்பாரு, வைப்பாரு. மழை பெஞ்சா கார்லேர்ந்து இறங்குறப்ப வைப்பாரு. அதுக்கும் என் தோளைப் பிடிச்சுக்குவாரு" என்பார் அந்த அம்மாள்.

ஒன்றை மறுக்க முடியாது. மனுக்காரருக்கு உண்ணாவிரதம் இருக்கத் தெரியும். பட்டினி கிடந்து இரண்டு பாலங்களும் ஒரு கிடங்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை மட்டும் ஏமாந்தார். அப்போதிருந்த அமைச்சர் ஒரு குமாஸ்தாவிடம் பழச்சாறும் வாய்மொழியாக ஓர் உறுதியும் கொடுத்தனுப்பிவிட்டு, அடுத்த வாரமே "நானா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டார். அந்த ஆத்திரத்தில் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. அமைச்சரே பந்தலுக்கு வந்து, கையெழுத்திட்ட உத்தரவை நீட்டி, தன் கையால் சாறு கொடுத்தால்தான் உண்ணாவிரதம் முடியும். அதற்குமுன் பந்தலைவிட்டு எழுந்தவர் சங்கத்தைவிட்டே எழுந்தவர். வாசகம் மனுக்காரருடையது. பலத்த கைதட்டல் கிடைத்தது.

பிறகு மூன்று கட்சிகளில் இருந்தார். ஒவ்வொரு முறை மாறும்போதும் விவசாயிகளின் நலன் கருதி மாறுவதாக அறிக்கை விட்டார். அந்த நலன் எந்தக் கட்சிக்குள் போய் ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய மூக்குக்குத்தான் எட்டும், விவசாயிகளுக்கு எட்டாது. மூன்றாவது கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர் பாசனத் துறை அமைச்சரானார்.

சங்கத் தலைவர் பதவியை விட்டுவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பாராட்டுக் கூட்டத்தில் அவர் தழுதழுத்தார்.

"சங்கம் என்னைப் பெத்த தாய். பதவி நான் பெத்த பிள்ளை. தாயை விடவா, பிள்ளையை விடவா? நீங்களே சொல்லுங்க!"

முன் வரிசையிலிருந்த மைத்துனர், அந்த அம்மாளின் தம்பி, கேட்டார்: "ரெண்டையும் வச்சுக்குங்க மாமா. ஆனா பிள்ளை பாட்டிக்குச் சோறு போடுமா?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அதற்குள் ஒலிபெருக்கிக்காரர் பாட்டைப் போட்டுவிட்டார்.

அதன்பின் அவருடைய வீட்டு மேசையில் இடது இழுப்பறையில் சங்கத்தின் கடிதத்தாளும் முத்திரையும் இருந்தன. வலது இழுப்பறையில் அமைச்சருடையவை. தலைவர் என்ற முறையில் அமைச்சருக்குக் காரசாரமாக எழுதுவார். காபி குடித்துவிட்டு, அமைச்சர் என்ற முறையில் "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது" என்று தலைவருக்குப் பதில் எழுதுவார். அந்தப் பதிலைச் சங்கத்தில் வாசித்துக் காட்டும்போது, "எழுதின உடனே பதில் போட்டிருக்காரு பாருங்க. இந்த மாதிரி அமைச்சர் யாருக்குக் கிடைப்பாரு?" என்று வியப்பார். அந்த வியப்பில் பொய் இருந்ததாகச் சொல்ல முடியாது.

இப்படியே போயிருக்கும். அந்த வருடம் மழை குறைந்துவிட்டது.

மேல்மடை முடிகிற இடத்தில் வாய்க்காலின் குறுக்கே ஓர் இரும்பு ஷட்டர் உண்டு. அதைத் தூக்கினால் தண்ணீர் கடைமடைவரை ஓடும். இறக்கினால் மேல்மடையிலேயே தேங்கும். மேல்மடை நிலத்தில் பெரும்பகுதி கட்சிப் பொருளாளருடையது. அவர் அங்கே பயிர் வைக்கவில்லை, மீன்குட்டைகள் வெட்டியிருந்தார். ஷட்டர் இறங்கியே கிடந்தது. தூக்குவதற்கு அமைச்சரின் உத்தரவு வேண்டும். கடைமடையில் கதிர் வெளிவரும் பருவம். அந்த வாரத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் கதிர் முழுக்கப் பதர். அறுத்து மாட்டுக்குத்தான் போட வேண்டும். வயல்கள் வெடிக்கத் தொடங்கியிருந்தன.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் கூடியது. உட்கார இடமில்லாமல் சன்னல் கட்டையில்கூட ஆட்கள். மைத்துனர் எழுந்தார்.

"மாமா, அமைச்சர்கிட்ட பேசினீங்களா?"

"காலையில கூட பேசினேன் மச்சான்."

"என்ன சொன்னாரு?"

"பார்க்கலாம்னாரு."

"அழுத்திச் சொன்னீங்களா?"

"என்னால முடிஞ்ச அளவுக்குச் சொன்னேன். அவருக்கு என்ன நெருக்கடியோ, பாவம்."

"நல்லவர்தானே?"

"தங்கமானவர்."

"தங்கத்தை உருக்கத்தான் வேணும் மாமா. நாளைக்கு உண்ணாவிரதம். எப்பவும் போல தலைவர்தான் முதல்ல உட்காரணும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதில் மனுக்காரரின் கையும் உண்டு. தூக்காமல் எப்படி இருப்பது? தவிர, அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. காலையில் உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் அமைச்சர் சார்பில் ஓர் உறுதி கொடுத்து எழுந்துவிடலாம். ஷட்டரையும் தொட வேண்டாம், மீனையும் தொட வேண்டாம்.

பாசன அலுவலக வாசலில் பந்தல் போட்டார்கள். மாடியில் அமைச்சரின் அறை. கீழே பாயில் அமைச்சர். "அமைச்சரே, வெளியே வா!" என்று மைத்துனர் கோஷம் போட்டால், "வா! வா!" என்று மனுக்காரரும் வாங்கிப் பாடினார். பழக்க தோஷம். அவருடைய குரல்தான் உரத்துக் கேட்டது. அமைச்சரின் செயலாளர் கீழே இறங்கி வந்து குனிந்தார்.

"சார், உங்களைப் பார்க்க மாடியில ஆட்கள் காத்திருக்காங்க."

"நான் பட்டினியில இருக்கேன்னு சொல்லுங்க."

"அப்ப இன்னைக்கு லீவு போட்டுடவா, டூட்டின்னு போடவா?"

மனுக்காரர் அடுத்த கோஷத்துக்குத் திரும்பிவிட்டார். செயலாளர் கடைசிவரை எதையும் போடவில்லை.

சாயங்காலம் திட்டப்படி சாறு வந்தது. மனுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அமைச்சர் விரைவில் ஆவன செய்வதாகத் தன்னிடம் சொல்லியிருக்கிறார் என்று அறிவித்துவிட்டுக் கையை நீட்டினார். மைத்துனர் தம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"அமைச்சர் நேர்ல வரணும் மாமா. நீங்க போட்ட தீர்மானம்."

"நான்தானேய்யா அமைச்சர்? வந்துதானே இருக்கேன்?"

"நீங்க தலைவர். தலைவர் காலையிலேர்ந்து இங்கேயே இருக்காரு, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். அமைச்சர் எங்கே? உத்தரவு எங்கே?"

"சரி, மாடிக்குப் போய் எடுத்துட்டு வர்றேன்."

"எழுந்தா சங்கத்தைவிட்டே எழுந்த மாதிரி. அதுவும் உங்க வாசகம்தான்."

மனுக்காரர் சுற்றிலும் பார்த்தார். சிரிக்கிறார்கள் என்றால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. காய்ந்த வயலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அவர் மறுபடி சாய்ந்து படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி வயலிலிருந்து நேராக வந்தார். காலில் புழுதி; சேறு கூட இல்லை.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"பயிருக்கும் அப்படித்தான் இருக்கு. உங்களுக்காவது மைக் இருக்கு." பிறகு செயலாளரிடம் திரும்பினார். "ஐயா, அந்த ஃபைலை இங்க கொண்டாந்து நீட்டினா என்ன?"

"எப்படிம்மா? அரசாங்கத்தை எதிர்த்து உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட அரசாங்க ஃபைலை நீட்டினா என் வேலை போயிடும். அமைச்சர் ஆபீஸ்ல இருக்கணும். இல்ல, அவர் கார்லயாவது இருக்கணும்."

"கார்ல நீட்டலாமா?"

"பாதி ஃபைல் கார்லதாம்மா கையெழுத்தாகுது."

அந்த அம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. டிரைவரைப் பார்த்து, "தம்பி, வண்டியை ரிவர்ஸ்ல எடுத்து இப்படி ஓரமா நிறுத்துங்க. கதவு பந்தலுக்குள்ள திறக்கணும்" என்றார்.

கார் பின்னால் வந்து ஒரு பந்தல் காலைச் சாய்த்துவிட்டு நின்றது. மனுக்காரரை நால்வர் தூக்கிப் பின் இருக்கையில் குறுக்காகப் படுக்க வைத்தார்கள். கால் வெளியே நீண்டிருந்தது. மைத்துனர் குனிந்து சரிபார்த்தார்.

"குதிகால் பாய்ல பட்டிருக்கணும் மாமா."

"பட்டிருக்கு, பட்டிருக்கு."

"அப்ப சரி. இடுப்புக்குக் கீழே தலைவர், மேலே அமைச்சர். ஐயா, ஃபைலை மேல் பக்கம் நீட்டுங்க."

செயலாளர் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து நீட்டினார். மனுக்காரர் பேனாவைத் திறந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. பொருளாளர். அவர் போனைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், மனைவி கையிலிருந்த சாற்றுத் தம்ளரைப் பார்த்தார். அம்மாள் தம்ளரை நீட்டவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவே.

"கையெழுத்துக்கு அப்புறம்."

"அவன் என்னைச் சும்மா விடமாட்டான்டி."

"கடைமடை முழுக்க வெளியே நிக்குது. இவங்க விட்டுருவாங்களா?"

போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவர் கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலகத்திலிருந்து எத்தனையோ உத்தரவுகள் எத்தனையோ காரணங்களால் போயிருக்கின்றன. பசி நேரடியாகக் கையெழுத்திட்டது அது ஒன்றுதான். மேல் பாதி உத்தரவைக் கீழ் பாதியின் மடியில் வைத்தது. பிறகு அமைச்சர் தன் கையால் சாறு கொடுக்க, தலைவர் குடித்தார். வாய் யாருடையது என்ற விவாதத்தை மைத்துனர் கிளப்பவில்லை. உத்தரவை வாங்கிக்கொண்டு மிதிவண்டியில் ஷட்டரை நோக்கிப் போய்விட்டார்.

"தலைவர் வென்றார்" என்று ஒரு பத்திரிகை எழுதியது. "அமைச்சரின் கருணை" என்று இன்னொன்று. இரண்டையும் மனுக்காரர் இரண்டு முறை வாசித்தார். கட்சித் தலைமையிலிருந்து போன் வந்தது.

"யாருய்யா உன்னைப் பணிய வச்சது?"

"நான்தாங்க."

"நாளைக்குள்ள ரெண்டுல ஒண்ணை விடு. எதுன்னு சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சங்கத்தை விட்டுவிட்டு அமைச்சர் பதவியை வைத்துக்கொள்வதென்று அவர் முடிவு செய்தார். அதையே தியாகமாக வெற்றிக் கூட்டத்தில் அறிவிக்கலாம். தாயைப் பிரியும் மகன் என்று உரை தயாராயிற்று.

வெற்றிக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கிக்காரரும் படம் எடுப்பவரும் வந்திருந்தார்கள். மற்ற நாற்காலிகள் காலி. கடைமடைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் வாய்க்காலில் என்றார் ஒலிபெருக்கிக்காரர். மனுக்காரர் படம் எடுப்பவரை ஏற்றிக்கொண்டு அங்கே காரை விடச் சொன்னார்.

கரையின் இரு பக்கமும் மண்வெட்டியோடு ஆட்கள். ஒருவரும் நிமிரவில்லை. தண்ணீர் குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது. இரு கரையிலும் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். மனைவியின் வயலுக்குப் பிரியும் குறுகலான மடையில் இறங்கி, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, கையை உயர்த்தினார். தண்ணீர் அவர் முழங்காலில் வந்து முட்டியது. கூடவே வந்த குப்பையும் காலில் அடைந்தது.

"என் உயிரினும் மேலான விவசாயிகளே! உங்களுக்காக இன்று நான் ஒரு தியாகம்…"

"என்னங்க" என்றார் மனைவி வரப்பிலிருந்து.

"இரு, முக்கியமான விஷயம்."

"எதுவா இருந்தாலும் இருக்கட்டும். மடையில நிக்கிறீங்க. கொஞ்சம் நகருங்க, தண்ணி வரட்டும்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு நகர்ந்தார். தேங்கி நின்றது குபுகுபுவென்று வயலுக்குள் பாய்ந்தது. வெடிப்புகள் ஒவ்வொன்றாகச் சத்தமிட்டுக் குடித்தன. மனைவி அதன் பின்னாலேயே மண்வெட்டியோடு போனார். மற்றவர்களும் தங்கள் தங்கள் மடையைத் திறக்கக் கீழே நகர்ந்துவிட்டார்கள். படம் எடுப்பவர் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவத்தில் கடைமடை விளைச்சலில் பாதிக்குச் சற்று மேல் தேறியது.