திடலில் விழுந்தவர்களோடு

விளையாட்டுத் திடலின் ஓரத்தில் முதலுதவிப் பையோடு உட்காருகிறவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகிற நாள்தான் நல்ல நாள். அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மலாக்காவில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தோடு இந்த வேலைக்கு வந்தேன். எங்கே ஓட்டம், எங்கே காற்பந்து, எங்கே பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலும் என் நாற்காலி அங்கே இருக்கும். உங்களில் யாராவது இப்படிக் காவல் இருந்திருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. வெயில் நமக்கு, கூடாரத்து நிழல் பரிசுக் கோப்பைகளுக்கு.

பெட்டிக்குள் என்ன?

என்னைப் பார்த்தால் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும்: ஐஸ், ஸ்ப்ரே. முட்டியைக் காட்டுவார்கள், நான் ஸ்ப்ரே அடிப்பேன், ஓடிவிடுவார்கள். பெம்பான் ஊர்க் காற்பந்துக் குழுவின் கேப்டன் சேகர் மட்டும் ஒருநாள் நின்று, என் காலடியில் இருந்த சிவப்புப் பெட்டியைக் காலால் தொட்டுப் பார்த்தார். டயர் கடை வைத்திருக்கிறவர், எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

"இது இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற பெட்டி" என்றேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறவருக்குக்கூட இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிடலாம், ரத்தம் ஓடாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார், உடனே நெஞ்சை அமுக்கி இந்தப் பெட்டியால் ஷாக் கொடுத்தால் பிழைக்க வழி உண்டு என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஸ்ப்ரே வாசனையோடு திடலுக்குள் போகும்போது சொன்னார்: "நம்ம பசங்க ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. கேர்ள்ஃபிரண்ட் விட்டுட்டுப் போனாதான் உண்டு."

கடற்கரைச் சாலை

தஞ்சோங் கிளிங்கில் ஒரு காலை ஓட்டம். கடலை ஒட்டிய சாலை, மேகமூட்டமான வானம், ஓடுவதற்கு நல்ல நாள். எங்கள் ஆம்புலன்ஸ் முடிவுக்கோட்டருகே நின்றது. நடுவழியில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று ரேடியோவில் சொன்னதும் ஓட்டுநர் ரோஸ்லி வண்டியை எடுத்தார். ஆனால் சாலை முழுக்க எதிரே ஓடி வருகிறவர்கள். சைரனைக் கேட்டு ஒதுங்கினார்கள், ஒதுங்க நேரம் ஆனது.

விழுந்து கிடந்தது டேனியல் என்ற இளைஞர். என்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சுற்றி நின்றவர்கள் விசிறினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், ஷூவைக் கழற்றி வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். நெஞ்சை அமுக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். நானும் ரோஸ்லியும் மாறி மாறி அமுக்கினோம், பெட்டி சொன்னபோதெல்லாம் ஷாக் கொடுத்தோம். மருத்துவமனையில் டாக்டர் கையெடுக்கச் சொல்லும்வரை விடவில்லை. டேனியல் திரும்பவில்லை.

வண்டியை ரோஸ்லிதான் கழுவினார். அவர் ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர். மனசு கனத்தால் அவருக்குத் தமிழ்தான் வரும். குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "அக்கா, நம்ம வர்றதுக்கு முன்னால அங்க நின்னவங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கணும். இனிமே நம்மதான் சொல்லிக் கொடுக்கணும்."

பொம்மைக்கு நோகுமா?

அப்படித்தான் எங்கள் வகுப்பு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம், தரையில் பாய், பாய்மேல் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ரப்பர் பொம்மைகள். முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு நெஞ்சின் நடுவில் கையை வைத்து, முழங்கை மடங்காமல், முழு பலத்தோடு அமுக்கச் சொன்னதும் சிரிப்பு நின்று மூச்சு வாங்கும்.

ஒரு வாரம் டேனியலின் அப்பா வந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையோடு பாயில் மண்டியிட்டார். அவரை அனுப்பிவிடலாமா, பேசலாமா, என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். அவர் மெல்ல அமுக்கினார். "ஐயா, இன்னும் பலமா அமுக்கணும்" என்றேன். "நோகாதோ, பிள்ளை?" என்று கேட்டார். "அந்த நேரத்துல எதுவும் தெரியாதுங்க ஐயா. வலி தெரிஞ்சிருக்காது" என்றேன். அவர் கேட்டது பொம்மையைப் பற்றி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு அவர் சரியாகவே அமுக்கினார். வியர்வை சொட்டச் சொட்ட அமுக்கினார். ரோஸ்லி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், ஆஸ்பத்திரி வரைக்கும் இப்படியே செய்தீர்களா என்று. ஆமாம் என்றேன். நிறுத்தவே இல்லையா? இல்லை என்றேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப அவன் தனியக் கிடக்கேல்ல."

கையில் சாவி

சில மாதங்கள் கழித்து, பெம்பான் திடலில் ஒரு ஞாயிறு காலை. சேகரின் குழுவுக்கும் ஜாசின் குழுவுக்கும் எழுவர் ஆட்டம், பக்கத்துக்கு ஏழு பேர். சேகரின் குழுவில் குமார் என்று ஒருவர், குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், தற்காப்பு ஆட்டக்காரர். பந்து அவரிடம் இல்லை. பக்கத்தில் ஆளும் இல்லை. நடந்துகொண்டிருந்தவர் முகம் குப்புற விழுந்தார். கையை ஊன்றவே இல்லை. அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவரைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். கை கால் இழுத்தது, வாய் ஏதோ காற்றை விழுங்குவதுபோலத் திறந்து மூடியது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் மோட்டார் சைக்கிள் சாவியை அவர் கையில் திணித்திருந்தார். கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்த சேகர், பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இதயம் நின்றவர்களுக்கும் அப்படித்தான் கொஞ்ச நேரம் இழுக்கும். அந்த மூச்சு மூச்சே இல்லை. நான் மண்டியிட்டு அமுக்க ஆரம்பித்தேன். ரோஸ்லி ஜெர்சியை வெட்டி, துண்டால் வியர்வையைத் துடைத்து, பெட்டியின் ஒட்டுப்பட்டைகளை நெஞ்சில் ஒட்டினார். எல்லாரையும் விலகச் சொல்லிப் பித்தானை அழுத்தினார். குமாரின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி விழுந்தது. நான் மறுபடி அமுக்கினேன். இரண்டு குழுக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

அமுக்கிக்கொண்டிருந்த என் கையை ஒரு கை தட்டிவிட்டது. குமாரின் கைதான். கண் பாதி திறந்திருந்தது. மூச்சு வந்தது, ஒழுங்காக வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சேகர் ஓடிவந்து மறுபடி அந்தப் பாதத்தையே பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், அழுதுகொண்டே. உயிர் திரும்பி வந்த குமார் பேசிய முதல் வார்த்தை இது: "காலை விடுடா சேகர். கூசுது."

என்ன பேசுறது?

குமாரின் மனைவி திலகாவுக்குத் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. சீருடையோடு, பெயர் அட்டையைக்கூடக் கழற்றாமல் மருத்துவமனைக்கு வந்தார். உயிர் இருக்கிறது, பேசினார் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டபோது மட்டும் எழவில்லை.

கிட்டப் போய்க் குனிந்து கேட்டேன். ஞாயிறுதோறும் பந்து பந்து என்று ஓடுகிறாரே என்று முந்தின நாள் சண்டை. காலையில் அவர் கிளம்பும்போது இவர் அடுப்படியை விட்டு வரவில்லை. "அவரு வாசல்ல நின்னு போயிட்டு வர்றேன்னு சொன்னாருக்கா. நான் பதில் சொல்லல. இப்போ உள்ள போயி என்ன பேசுறது?" சுவரோரம் நின்றிருந்த ரோஸ்லிதான் சொன்னார்: "இன்னும் கோவமாத்தான் இருக்கேன்னு சொல்லும்மா. அப்பதான் எல்லாம் எப்பவும்போல இருக்குன்னு அவருக்குத் தெரியும்."

சார்ஜ்

பரம்பரையாக வரும் கோளாறால் குமாரின் இதயத் தசை தடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அவருக்கு அது தெரியாது, ஒரு நாளும் நெஞ்சு வலித்ததில்லை. காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்தார்கள். துடிப்பு மறுபடி தாறுமாறானால் அது உள்ளேயே ஷாக் கொடுக்கும். மெதுவாக நடக்கலாம், போட்டிக் காற்பந்து இனி வேண்டாம் என்றார் டாக்டர். பார்க்கப் போனபோது அதைச் சொல்லிவிட்டு, குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைக்கும் சோதனை செய்யச் சொன்னார்கள். பிள்ளைக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. அதைச் சொல்லும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

பாலர் பள்ளிக்குப் போகிற அந்தப் பெண் குழந்தை அப்பாவின் தோளருகே புடைத்திருந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யோசித்து யோசித்து, கவலையோடு கேட்டது: "கரண்ட் போயிட்டா அப்பாக்கு எப்படி சார்ஜ் போடுறது?"

மிச்ச ஆட்டம்

பாதியில் நின்ற ஆட்டத்தை ஆடி முடிக்கலாம் என்று ஜாசின் குழுதான் கேட்டது. அதற்குள் இரண்டு குழுவும் எங்கள் வகுப்புக்கு வந்து பொம்மையை அமுக்கிப் பழகியிருந்தன. சேகருக்கு, இனி பாதத்தைத் தொடாதே என்று மூன்று முறை சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. குமாரின் இடத்துக்கு வேறு ஆள் போட மாட்டோம் என்றார் சேகர். அப்படியென்றால் நாங்களும் ஒருவரை வெளியே உட்காரவைக்கிறோம் என்றார்கள் ஜாசின்காரர்கள். ஆறுக்கு ஆறு ஆடினார்கள்.

குமார் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விழுந்த நாள் அவருக்கு நினைவில்லை. யார் யாரோ சொல்லித்தான் தெரியும், ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லியிருந்தார்கள். அவர் விழுந்த இடத்தைக் கேட்டார், கையைக் காட்டினேன். அந்தப் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் ஜாசின் அந்தப் பக்கமாகவே புகுந்து ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான், குமார் பாதி எழுந்துவிட்டார். இடப்பக்கம் பார், ஆளைப் பிடி என்று கத்தினார், ரெஃப்ரியையும் திட்டினார். பின்னால் குடையோடு நின்ற திலகா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இரண்டாவது கோலும் போனது, பெம்பான் தோற்றது.

விசில் ஊதிய பிறகும் குமாருக்கு ஆறவில்லை. "நான் இருந்திருந்தா அந்த ரெண்டாவது போயிருக்காது" என்றார். குடையை அவர் பக்கமாகச் சாய்த்துக்கொண்டே திலகா சொன்னார்: "அதான் இருக்கீங்கள்ல. போதும், உட்காருங்க."

திடலோரத்து நாற்காலிக்காரர்களே, நம் தொழிலில் பதக்கம் என்று ஒன்று இருந்தால், அது நாம் அமுக்கிக் கொண்டுவந்த ஆள் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து, நம் காது செவிடாகும்படி ரெஃப்ரியைத் திட்டுவதுதான்.