கேரம் மன்றத்துப் பூட்டை அண்ணன் உடைத்த நாள்

அண்ணன் நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பொறுமைசாலி என்றே அறிவீர்கள். ஆனால் அவருடைய உப்பள வேலை எப்படிப் போனது என்பதை உங்களில் பலர் தவறாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அதற்கு நானும் ஒரு காரணம்.

பிரம்மதேசம் கிராமத்தில் பிறந்த அண்ணன், எங்கள் தகப்பனார் இறந்ததும் பத்தொன்பது வயதில் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்கு வந்தார். மேஸ்திரி ஆனதும் என்னையும் அதே முதலாளியிடம் சேர்த்துவிட்டார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் முதலாளியின் காலிக் கிடங்கைக் கேட்டு வாங்கி, அண்ணன் அதில் கேரம் மன்றம் தொடங்கினார். மொத்தம் இரண்டு போர்டு. ஒன்றை, கூனிமேட்டில் அரிசிக் கடை வைத்திருந்த அவருடைய நண்பர் சலீம் பாய் கொடுத்தார். பல வருடம் உப்பு கிடந்த கிடங்கு என்பதால் மழை நாளில் சுவர் கசியும். எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் நகராது. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. உப்பளத்து ஆட்களும் விவசாயிகளும் குப்பத்து மீனவர்களும் ஒரே போர்டைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள்.

அதுதான் வம்பானது. ஒரு போட்டியில் குப்பத்துத் தேசிங்கு, முதலாளியின் மைத்துனரைத் தோற்கடித்தார். மைத்துனர் காய்களைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"குப்பத்தாளுங்க இனிமே இதுக்குள்ள வரக் கூடாது."

"அப்படின்னா மன்றமே வேணாங்க" என்றார் அண்ணன்.

மறுநாள் முதலாளி கிடங்கைப் பூட்டச் சொல்லி, அண்ணனிடமிருந்து சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார். "நான் சொல்லாம தொறக்காத. தொறந்தா உனக்கும் வேலை இருக்காது" என்றார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்த ஐப்பசியில் புயல் அடித்தது. காலையிலேயே கடல் குப்பத்துக்குள் ஏறிவிட்டது. சுற்றுவட்டத்தில் மேட்டில் நின்ற செங்கல் கட்டடம் அந்தக் கிடங்கு ஒன்றுதான். ஓடு பறக்கிறதா என்று பார்க்க முதலாளி அனுப்பி, நான் அதன் வாசலில் நின்றிருந்தேன். குப்பத்து ஜனம் முழுவதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. அவர்களோடு அண்ணனும் வந்தார்.

"சாவியைக் குடுடா."

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேண்ணே."

"நீ கேட்டுட்டு வர்ற வரைக்கும் இந்தக் குழந்தைங்க தாங்குமாடா?"

சாவி என் இடுப்பு மடியில் இருந்தது. கையை அதன்மேல் வைத்தேன். எடுக்கவில்லை. தேசிங்குவின் மனைவி கைக்குழந்தையைப் புடவைக்குள் மூடிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"சரி. நீ தள்ளி நில்லு."

கடப்பாரையால் மூன்று அடி. பூட்டு தெறித்தது.

எல்லோரும் உள்ளே போன சிறிது நேரத்தில் இரண்டு ஜன்னல் கதவுகளும் பிய்த்துக்கொண்டு போயின. உள்ளே புகுந்த காற்றில் ஓடுகள் தூக்கித் தூக்கி விழுந்தன. அண்ணனும் தேசிங்குவும் ஒரு கேரம் போர்டை ஜன்னலில் வைத்து முதுகால் முட்டுக்கொடுத்தார்கள்.

"பாய் குடுத்த போர்டாச்சேண்ணே" என்றார் தேசிங்கு.

"போவட்டும், புடி!"

இன்னொரு ஜன்னலில் நானும் வேறு இருவரும் மற்றப் போர்டைப் பிடித்தோம். பிற்பகல் வரை கையை எடுக்க முடியவில்லை. காற்று அடங்கியபோது குப்பத்தில் ஒரு குடிசைகூட நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

மறுநாள் முதலாளி வந்து உடைந்த பூட்டைப் பார்த்தார். "சாவியை உங்கிட்டதானே குடுத்தேன்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"அவன் தரமாட்டேன்னு சொல்லிட்டான்ங்க. நான்தான் உடைச்சேன்."

அன்றே அவர் வேலை போனது. மன்றம் மூடியபின் அங்கே போட்டிருந்த உப்புச் சாக்குகளைத் திருடத்தான் பூட்டை உடைத்தார் என்று மைத்துனர் ஊரெல்லாம் பரப்பினார். நான் அங்கேயே இருபது வருடம் வேலை பார்த்தேன். ஒருநாளும் அதை மறுத்து நான் பேசவில்லை.

சலீம் பாய் அண்ணனைத் தம் கடையில் சேர்த்துக்கொண்டார். அண்ணன் தினமும் சைக்கிளில் கூனிமேட்டுக்குப் போய்வந்தார். அடுத்த வருடம் அந்தக் கடையின் பின்கட்டில் புதுப் போர்டோடு மன்றம் மறுபடி தொடங்கிப் பல வருடம் நடந்தது. நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அண்ணன் கேட்டதும் இல்லை.

சிறுநீரகம் கெட்டு அண்ணன் படுத்தபோது, வாரம் இருமுறை புதுச்சேரி மருத்துவமனைக்குத் தங்கள் வண்டியில் அழைத்துச் சென்ற தேசிங்குவின் மகன்களுக்கும், ரத்தம் கொடுத்த சலீம் பாயின் பேரனுக்கும், இறுதிச் சடங்கில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியாரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சாவி உங்க மடியிலதான் இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. நீங்க சாவி குடுத்தா உங்க வேலை போயி கல்யாணம் நின்னுடும்னு அவருக்கு பயம். அதான் அதுக்குமேல வற்புறுத்தாம பூட்டை உடைச்சாராம்."

இத்தனை வருடமும் இருவரும் இதைத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். அண்ணியாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.