தாமரை நிறமான வெள்ளைச் சேலை

ஆண்டு விழாவுக்குத் தாமரை நடனம் என்று அறிவித்த டீச்சர், எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தார். விரல் அகலம்தான். எங்களோடு ஆடிய மில் முதலாளி வீட்டுப் பெண்ணின் பட்டுப் பாவாடை தைத்ததில் மிஞ்சியதாம்.

"எல்லாரும் இதே நிறத்துல பாவாடை கட்டோணும். இல்லாதவங்க கடைசி வரிசை."

கடைசி வரிசை என்றால் இலை. இதழ்களெல்லாம் முன்னால் சுற்றிச் சுற்றி ஆடும். இலை நின்ற இடத்தில் அசைந்துகொண்டிருக்க வேண்டும். இலையாவதற்கா நான் எங்கள் ஊர் கணபதியிலிருந்து அத்தனை தூரம் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன்?

அறுபதுகளில் எங்கள் வீட்டில் புதுத்துணி தீபாவளிக்கு மட்டும்தான். மற்றபடி இருந்ததெல்லாம் அம்மாவின் வெள்ளைச் சேலைகள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைதான். எங்கள் பக்கத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடேயே இருந்தாள். யாராவது மறந்துபோனால் நினைவுபடுத்த.

"என் சேலை ஒண்ணுல சாயம் போட்டுக்கலாம் கண்ணு. கத்தரிக்காம மடிச்சுத் தெச்சுத் தாரேன்" என்றாள் அம்மா.

அத்தை ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். "ஆடி முடிஞ்சதும் வெளுத்துப்போடோணும், ஆமா."

டவுன்ஹால் பக்கம் போய் ரோஸ் சாயப் பொட்டலம் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டின் பின்புறம் விறகடுப்பில் அண்டாவை ஏற்றினோம். சேலையை முக்குவதற்கு முன் அம்மா அதிலிருந்து ஒரு நூலை உருவி முக்கிப் பார்த்தாள். ஈரத்தில் அச்சு அசலாக இருந்தது. குதித்தேன். அடுப்போரம் காய்ந்ததும் நிறம் பல்லிளித்துவிட்டது.

"பரவால்லம்மா, போதும்."

"எங்க போதும்? இதுல துளி ஊதா ஓடுது பாரு" என்று டீச்சர் கொடுத்த துண்டை வெயிலில் பிடித்துக் காட்டினாள். எனக்கு ஒரு ஊதாவும் தெரியவில்லை. சேலைக்குப் போடும் நீலத்தை எடுத்து வரச் சொன்னாள். எங்கள் வீட்டில் எது தீர்ந்தாலும் நீலம் மட்டும் தீர்ந்ததில்லை. அதைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், நூலை முக்கினாள், காயவைத்தாள், தலையை ஆட்டினாள், மறுபடி விட்டாள். கூடவே என்னவோ முணுமுணுத்தாள். உற்றுக் கேட்டால் பாட்டு! அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தை வந்து, "இன்னிக்குச் சோறு உண்டா இல்லையா?" என்று கேட்கும்வரை அடுப்பங்கரை நினைவே எங்களுக்கு இல்லை.

சேலை காய்ந்ததும் துண்டை அதன்மேல் வைத்தோம். துண்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

முன் வரிசையில் ஆடினேன். டீச்சர் என் பாவாடையைத் தொட்டுப் பார்த்து எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார். வீட்டில் வந்து சொன்னதும், "கடையாமா கடை!" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை ஆடலாம் போலிருந்தது.

மறுநாளே அத்தை ஞாபகப்படுத்தினாள். அம்மா தையலைப் பிரித்து, சேலையைச் சோடா உப்பில் வேகவைத்தாள். சாயம் பெரும்பாலும் போனது. வெளிறிய ரோஸ் ஒன்று தங்கிவிட்டது. அழுக்குத் துணி எடுக்க வந்த சலவைக்காரர் கையை நீட்டினார்.

"குடுங்க அம்மணி. வெள்ளாவியில வெச்சா பளிச்சுனு ஆயிருமுங்க."

அம்மா கொடுக்கவில்லை. "வேண்டாமுங்க. இனியும் வெளுத்தாத் துணி நைஞ்சுபோயிருமுங்க."

துணி கல்லு மாதிரி இருந்தது. எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். அத்தை ஏதாவது கத்தப்போகிறாள் என்று பயந்து நின்றேன். அவள் சேலையின் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"கட்டறதுன்னா ஊட்டுக்குள்ள கட்டிக்க" என்றாள்.

அம்மா சரியென்று தலையாட்டினாள். மறுநாள் விடிந்ததும் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.